எப்போ டீச்சரின் பலகை

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் பார்த்தால் தெரியும். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஆரம்பித்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'எப்போ டீச்சர்'தான். "வீட்டுப்பாடம் நாளைக்குக் கொண்டு வந்துடறேன் டீச்சர்" என்று எவனாவது தலையைச் சொறிந்தால், "எப்போ? முதல் பீரியட்லயா, கடைசி பீரியட்லயா?" என்பார். "இந்த கேட்டுக்கு எண்ணெய் போடணும்" என்று காவலாளி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாலும் விடமாட்டார். "எப்போண்ணே?" என்று நின்றுவிடுவார். அந்த மனிதர் எண்ணெய் போட்டுவிட்டு வந்துதான் அடுத்த வேலை பார்ப்பார். போட்ட பிறகு டீச்சர் ஒருமுறை கேட்டை ஆட்டியும் பார்ப்பார்.

இந்த வியாதி அவருக்குத் தையல் கடையில் தொற்றியது. அப்பா தையல்காரர். நல்ல கை. ஆனால் வாயைத் திறந்தால் "நாளைக்கு வாங்க"தான். பள்ளி விட்டதும் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்த மகள்தான், நாளைக்கு வந்தவர்களிடம் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிலேட்டில் யார் துணி, என்ன துணி, அப்பா சொன்ன தேதி எது என்று எழுதிக் கடை வாசலில் மாட்டிவிட்டாள். "மானத்தை வாங்கிட்டியேடி!" என்று அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலைந்து வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். போனவர்கள் ஒரே மாதத்தில் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அந்தக் கடையிலும் 'நாளைக்கு'தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் மெல்ல மெல்ல, முடிகிற தேதியை மட்டும் சொல்லப் பழகினார்.

இப்போது டீச்சருக்கு ஐம்பத்தொன்று. சமூக அறிவியல் நடத்த ஆரம்பித்து இருபத்தாறு வருடம். கணவர் லிஃப்ட் மெக்கானிக், பேச்சு குறைவு, கிண்டல் அதிகம். ஒரே மகள் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். "எங்கம்மாகிட்ட சீக்கிரம் வந்துடறேன்னு சொன்னா மாட்டிக்குவீங்க. ஆறரைக்கு வர்றேன்னு சொல்லுங்க, பொழைச்சுக்குவீங்க" என்று அவள் தோழிகளுக்குப் பாடம் எடுப்பாள்.

பலகைக்கு வருவோம். அதற்குக் காரணம் ஒரு பெண். வகுப்பில் அவளை எல்லோரும் 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு வயது, வாதாடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். உள்ளாட்சிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தேர்தல், வாக்குறுதி, வாக்குப்பதிவு, வெற்றி என்று டீச்சர் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். வக்கீல் எழுந்து, "ஜெயிச்ச பிறகு சொன்னதைச் செஞ்சாங்களான்னு யாரு டீச்சர் பார்ப்பாங்க?" என்றாள். டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் பயிற்சி வினாக்கள் வந்துவிட்டன. எப்போ என்று ஊரையே குடைந்தெடுத்த மனுஷிக்கு, யார் என்று கேட்டதும் வாய் அடைத்துப் போயிற்று.

மறுநாள் காலை அவர் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நாலு பக்க மஞ்சள் துண்டறிக்கையோடு வந்தார். போன வருடத் தேர்தலில் பள்ளிக்கூடம் இருக்கும் வார்டில் ஜெயித்த கவுன்சிலருடையது. கவுன்சிலர் மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அறிக்கையில் ஐம்பது வாக்குறுதி, ஐம்பதும் 'முதல் ஆண்டிலேயே'. தேர்தல் முடிந்த மறுநாளே இந்தக் காகிதங்கள் மாயமாகிவிடும் என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் அன்றைக்கே மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தார். தையல்காரர் மகள் இல்லையா!

"யாரு பார்ப்பாங்கன்னு கேட்டியே, நாமதான் பார்க்கப் போறோம்" என்றார் வக்கீலிடம்.

முதல் வாரம் முழுக்கச் சலித்தெடுப்பதிலேயே போயிற்று. 'மக்கள் வாழ்வில் ஒளியேற்றுவோம்' என்று ஒரு வாக்குறுதி. அதை எப்படிப் பார்ப்பது? தெருவிளக்கை எண்ணலாமா என்று ஒருவன் கேட்டான். தெருவிளக்குக்குத் தனியாக இன்னொரு வாக்குறுதி இருக்கிறது, இது வேறு ஒளி என்றாள் வக்கீல். இப்படி ஒன்பது தேறவில்லை. 'அளக்க முடியாதவை' என்று ஒரு உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். மிச்சம் நாற்பத்தொன்று.

சட்டதிட்டங்கள் கடுமை. "சொன்னாங்க"ன்னு எழுதக்கூடாது, "பார்த்தேன்"ன்னுதான் எழுதணும். ஒரு வாக்குறுதியை இரண்டு ஜோடிகள், வேறு வேறு தேதியில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பலகை ஏறும். நடந்தது, நடக்கிறது, நடக்கவில்லை. இந்த மூன்று சொல்லைத் தவிர நாலாவது சொல் கிடையாது. ஒருவன் 'நடக்கவில்லை, வெட்கக்கேடு' என்று எழுதிக்கொண்டு வந்தான். "வெட்கம் எத்தனை அடி நீளம்? அளந்தியா?" என்று கேட்டு அதை அடிக்க வைத்தார் டீச்சர். இதற்கெல்லாம் ஒரு படிவம் வேண்டுமே. அதையும் அவரே வரைந்து முப்பத்தாறு பேருக்கும் நகலெடுத்துக் கொடுத்தார். என்ன பார்த்தாய், யாரோடு பார்த்தாய், எந்தத் தேதி, கையெழுத்து.

ஏழு மாதம் பிள்ளைகள் அலைந்தார்கள். பள்ளி விடுவது நாலரைக்கு. அலுவலகமெல்லாம் ஐந்துக்குப் பூட்டிவிடும். அதனால் சனிக்கிழமைதான் வசதி. சனிக்கிழமை தோறும் ஜோடி ஜோடியாகக் குறிப்பேடும் அளவு நாடாவுமாகக் கிளம்பிவிடுவார்கள். சாக்கடை மூடியை அளந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு எத்தனை என்று எண்ணினார்கள். கடைசியில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய பலகையைத் தேடிப் பிடித்து, வெள்ளை அடித்து, நாற்பத்தொரு வரிசை கிழித்து, தலைமை ஆசிரியர் அறைக்கு நேர் எதிரே தாழ்வாரச் சுவரில் நாலு திருகாணி போட்டு மாட்டினார்கள். நடந்தது பத்தொன்பது, நடக்கிறது எட்டு, நடக்கவில்லை பதினாலு.

மாட்டிய அன்று டீச்சர் அதன் முன்னால் நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இத்தனை சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. விடைத்தாளில் மனப்பாடமாய் வரும் குடிமகனின் கடமைகள் எல்லாம் கால் முளைத்துச் சந்தையிலும் சந்திலும் நடந்துவிட்டு வந்ததே, அந்தச் சந்தோஷம்.

பெற்றோர்கள் போட்டோ எடுத்தார்கள். போட்டோ போன் போனாகப் போய், மூன்றாம் வாரம் கவுன்சிலரே நேரில் வந்து சேர்ந்தார். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் தொலைபேசி அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிற ரகம். கவுன்சிலரை உட்கார வைத்துவிட்டு, டீச்சரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் இது? பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தாங்கன்னா, என் மேல குற்றப்பத்திரிகை எழுதச் சொல்லித் தர்றீங்களா?"

"குற்றப்பத்திரிகை இல்லீங்க. பத்தொன்பது 'நடந்தது'ன்னு போட்டிருக்கோமே, அதைப் பார்க்கலையா?"

"அந்தப் பதினாலைத்தானே எல்லாரும் பெருசு பண்ணிப் பண்ணிப் பார்க்கிறாங்க! என் கடைக்குப் பெயிண்ட் வாங்க வர்றவன்கூட, நம்பர் முப்பத்திரண்டு என்னாச்சுன்னு கேக்குறான். எல்லாம் பொய்!"

பொய் என்ற சொல் டீச்சருக்கு எங்கே பட்டதோ, சுர்ரென்று ஏறிவிட்டது. ஏழு மாதம் வெயிலில் அலைந்த முப்பத்தாறு பிள்ளைகள்! "பதினாலுல ஒண்ணு தப்புன்னு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. இந்தக் கையாலயே பலகையை இறக்கி வெச்சிடறேன்."

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"என்னைப் பார்த்தா கேக்குறீங்க?" என்றார் டீச்சர்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு வழி பிறந்த நிம்மதி. "அப்படியே வெச்சுக்கலாம் சார், ஒரு தப்பு இருந்தாலும் எடுத்துடலாம்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒன்பதாம் வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தார். பிள்ளைகள் கை தட்டாத குறை.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவர் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறார். காலையில் ஒரு மோட்டாரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதாம். பக்கத்தில் ஒரு மாத்திரை உறை, ஒரு களிம்பு, ஒரு சீட்டு.

"எங்கே காட்டினீங்க?"

"நம்ம சுகாதார நிலையத்துலதான். டாக்டரம்மா நல்லாப் பார்த்தாங்க. கை மெத்துன்னு..."

"கை இருக்கட்டும். அங்க ஏது டாக்டர்?"

"ஏது டாக்டர்னா? வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, காதுல குழாய் மாட்டிக்கிட்டு இருந்தாங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்த ஆள்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

டீச்சர் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். தேதி, கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பலகையில் பதினேழாவது வரிசை: 'சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள் மருத்துவர்.' அதற்கு நேரே கொட்டை எழுத்தில் 'நடக்கவில்லை'. பலகை மாட்டுவதற்கு முந்தின பதினைந்து நாளுக்குள் இரண்டு ஜோடி போனார்கள். இரண்டு தேதி. மருத்துவர் அறை பூட்டியிருந்தது. ஒருத்தி பூட்டைப் படம்கூட வரைந்திருந்தாள். இரண்டு தேதியும் சனிக்கிழமை.

"களிம்பைத் தடவுறியா, இல்ல ரெண்டு ஜோடி வந்து முதுகைப் பார்த்துட்டுப் போகணுமா?" என்றார் கணவர்.

அவர் சொன்ன எதுவும் டீச்சர் காதில் ஏறவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கணவர் தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார். பிறகு, "பேசாம அந்த ஒரு வரியை மட்டும் மாத்திடேன். அந்தாளுக்கே தெரியலையே. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மேசையைத் தட்டியிருப்பாரே" என்றார். அதுவும் உண்மைதான். தான் வாங்கிக் கொடுத்த டாக்டர் வந்து சேர்ந்தாரா என்று கவுன்சிலரே எட்டிப் பார்க்கவில்லை.

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார் டீச்சர். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அதைவிடப் பிள்ளைகளை நினைத்துத்தான் கவலை. ஒரு வரி தப்பு என்று ஒத்துக்கொண்டால், தான் சொன்ன சொல்லுக்குப் பலகையே இறங்க வேண்டும். ஏழு மாத உழைப்பு சுவரை விட்டுப் போகும். ஒத்துக்கொள்ளாமல் விட்டால், பலகை இருக்கும். ஆனால் அதன் முன்னால் நின்று 'எப்போ' என்று கேட்க அவருக்கு வாய் வராது.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரில் போனார். கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லையே. இருபத்திரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். உள்ளே சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர். "ஆறு வாரமா வர்றேன். செவ்வாய், வியாழன், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. என்னைத் தேடி யாரும் வந்ததாத் தெரியலையே" என்றார் டாக்டர். செவ்வாய் வியாழன் காலையில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? வகுப்பில். வாக்குறுதியை எப்படிச் சரிபார்ப்பது என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பூட்டை வரைந்த பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. "நீ ஏம்மா அழறே? பூட்டு இருந்துச்சு, பூட்டுன்னு எழுதினே. படிவம் போட்டது நான். தேதிக்கு இடம் விட்டேன். என்ன கிழமை, எத்தனை மணின்னு கேக்க மறந்துட்டேன். எப்போ எப்போன்னு உயிரை வாங்கினவளுக்கு அது தோணலை பாரு" என்றார் டீச்சர்.

வக்கீல் எழுந்தாள். எழாமல் இருப்பாளா! "டீச்சர், நீங்க என்ன சொன்னீங்க? ஒரு தப்பு *காட்டுங்க*ன்னு சொன்னீங்க. அவர் காட்டலையே. நாமளேதானே கண்டுபிடிச்சோம்? அப்போ இறக்க வேண்டியதில்லை."

வகுப்பு முழுக்க "ஆமா டீச்சர், ஆமா டீச்சர்" என்று பொங்கியது. முப்பத்தாறு முகத்திலும் ஆசை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், டீச்சருக்கும் அது சரி என்றே பட்டது. நல்ல வாதம். கேட்க இனிப்பாக இருந்தது.

"அந்த மஞ்சள் அறிக்கையை எடு" என்றார். "இருபத்தி ஆறு என்ன? சிறுவர் பூங்கா. என்ன பார்த்தோம்? ஒரே ஒரு ஊஞ்சல். பூங்கான்னுதானே சொன்னேன், எத்தனை ஊஞ்சல்னு சொன்னேனான்னு அவர் கேட்டா, நீ என்னம்மா சொல்லுவே?"

வக்கீல் வாதாடாமல் அறிக்கையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் அது நடந்து யாரும் பார்த்ததில்லை. பிறகு மெல்ல, "ஏமாத்துறாருன்னு சொல்லுவேன்" என்று உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும், வரச் சொல்லியிருந்த கவுன்சிலர் வந்தார். டீச்சர் தாழ்வாரத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசினார். "பதினேழாம் நம்பர் தப்பு. டாக்டர் வர்றாங்க. ஆறு வாரமா வர்றாங்க. எங்க தப்பு, முதல்ல என்னோட தப்பு."

கவுன்சிலர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "வர்றாங்களா? நிஜமாவா?" என்று டீச்சரிடமே கேட்டார். அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டு, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டீச்சர் கைப்பையிலிருந்து கணவருடைய திருப்புளியை எடுத்தார். காவலாளி ஓடி வந்தார். "வேண்டாம்ணே, இந்தக் கையாலன்னு சொல்லியிருக்கேன்." மூன்று திருகாணி சொன்னபடி கேட்டது. நாலாவது கேட்கவில்லை. பெயிண்டோடு பெயிண்டாக இறுகிப்போயிருந்தது. டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது, கண்ணாடி மூக்கில் இறங்கியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். நானூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஜெயித்த மனிதர் ஜெயித்த முகத்தை எத்தனை நேரம்தான் வைத்துக்கொண்டிருப்பார்? ஒரு பக்கம் பலகை சாயத் தொடங்கியதும் பதறிப்போய் ஓடிவந்து தோள் கொடுத்தது கவுன்சிலர்தான். "பார்த்து டீச்சர், காலில விழுந்துடப் போகுது" என்று கடைசித் திருகாணி கழலும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையில் தூசி.

பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு டீச்சர் கையைத் தட்டிக்கொண்டார். "இறக்குறேன்னு சொன்னேன், இறக்கிட்டேன். திரும்ப மாட்ட மாட்டேன்னு சொல்லலை."

கவுன்சிலருக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. ஒன்று தப்பு என்றால் இன்னும் பத்து தப்பு இருக்கும்; பத்தும் தன் பக்கம்தான் விழும் என்று கணக்குப் போட்டார். "தாராளமா மாட்டுங்க. ஆனா எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும். பள்ளிக்கூட நேரத்துலயே போய்ப் பார்க்கட்டும். சார், பிள்ளைங்களுக்கு அனுமதி கொடுங்க!" கவுன்சிலர் வாயாலேயே வந்துவிட்டதே, தலைமை ஆசிரியர் அன்றே கையெழுத்துப் போட்டார். ஏழு மாதமாக டீச்சர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத கையெழுத்து அது.

புதுப் படிவம் வந்தது. கிழமைக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு கட்டம். அவரவர் பெற்றோரில் ஒருவர் கூட வர, இரண்டு வாரம், வார நாட்களில், காலை வேளையில் பிள்ளைகள் வார்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். டாக்டர் 'நடந்தது' ஆனார். திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மணிக்கு வருகிற குப்பை வண்டியும் 'நடந்தது' ஆயிற்று. அதையும் சனிக்கிழமையில் யாரும் பார்த்திருக்கவில்லை. கவுன்சிலருக்கு இரண்டு லாபம்.

ஆனால் 'தினமும் திறந்திருக்கும்' என்ற நூலகம்? சனிக்கிழமை மட்டும்தான் திறக்கிறார்கள். பிள்ளைகள் போனதெல்லாம் சனிக்கிழமை, அதனால் இத்தனை நாளும் அது 'நடந்தது'. சந்தைக் கழிப்பறைக்கும் சந்தை நாளான சனிக்கிழமை மட்டுமே சாவி வருகிறது. சமுதாயக் கூடத்தில் வாரம் ஐந்து நாள் கணினிப் பயிற்சி என்றார்கள். நடப்பது சனிக்கிழமை மட்டும்; மற்ற நாளெல்லாம் அங்கே வாடகை நாற்காலிகள்தான் அடுக்கடுக்காகப் பயிற்சியில் இருந்தன. மூன்றும் 'நடக்கவில்லை'. கூட்டிக் கழித்தால் நடந்தது பதினெட்டு, நடக்காதது பதினைந்து. இருந்ததில் ஒன்று குறைந்துவிட்டது.

பலகையை மாட்டும் வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். "நீங்க பத்து மணிக்கு வாங்க டீச்சர், அதுவரைக்கும் தாழ்வாரத்துப் பக்கமே வரக்கூடாது" என்று வக்கீல் கட்டளை போட்டாள். பத்து மணிக்குப் போனால் கவுன்சிலரும் வந்து நிற்கிறார். முகம் இஞ்சி கடித்த மாதிரி. நூலக வரிசையைப் பார்க்கிறார், கழிப்பறை வரிசையைப் பார்க்கிறார். வாய்விட்டுத் திட்டவும் முடியாது. திரும்பப் பார்க்கச் சொன்னதே அவர்தான்.

அப்புறம் அவர் கண் கீழே போயிற்று. டீச்சர் கண்ணும் போயிற்று. நாற்பத்தொன்றோடு முடிய வேண்டிய பலகையில் நாற்பத்திரண்டாவதாக ஒரு வரிசை, ஈரம்கூட இன்னும் காயவில்லை.

'ஒரு தவறு இருந்தாலும் இந்தக் கையாலேயே பலகையை இறக்கி வைப்பேன். சொன்னவர்: எங்கள் டீச்சர். பார்த்தது: இறக்கினார். திங்கட்கிழமை, காலை 9.20 முதல் 9.45 வரை. நடந்தது.'

பார்த்தவர்கள் கையெழுத்து என்ற கட்டத்தில் இடமே இல்லை. முப்பத்தாறு பேரும் நுணுக்கி நுணுக்கிப் போட்டிருந்தார்கள். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார்.

கவுன்சிலர் அந்த வரிசையை இரண்டு முறை படித்தார். அன்று தோள் கொடுத்துப் பிடித்த பலகை அல்லவா. கண் மறுபடி நூலக வரிசைக்குப் போயிற்று. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நூலகத்தைத் திறந்துடறேன் டீச்சர்" என்றார்.

டீச்சர் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கையை உயர்த்தி நிறுத்தினார். "தெரியும், தெரியும். வர்ற திங்கட்கிழமை. எழுதிக்கோங்க."

வக்கீல் அதற்குள் தூரிகையோடு நாற்பத்து மூன்றாவது கோட்டை இழுத்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு சார்?"